சிங்கத்தின் கொட்டாவி

தான்சானியாப் புல்வெளியில் ஓர் ஆண் சிங்கத்தைப் பேசியே கொட்டாவி விடவைத்த ஒரே தமிழன் நான்தான்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். கூடவே உட்கார்ந்திருந்த என் சம்பந்தி மாசிலாமணியே நேற்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் எங்கள் மனைவியரோடு திறந்த ஜீப்பில் போனோம். அதற்கு ஓட்டுநர் கிடையாது. பயந்த மனிதர்களைக் கண்டால் மிருகங்கள் மிரளுமாம். அதனால் எல்லோருடைய நாடியும் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால்தான் வண்டி நகரும்.

புதரிலிருந்து சிங்கம் எழுந்ததும் வண்டி நின்றுவிட்டது. மூன்று பேர் ஒருவழியாக அடங்கினோம். சம்பந்தியின் மணிக்கட்டுப் பட்டை மட்டும் நூற்று நாற்பது காட்டியது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்தான் ஆகிறது அவருக்கு. தென்னைமர உயரச் சிங்கம் குனிந்து அவர் முழங்காலை முகர்ந்தது.

"சம்பந்தி, மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

"எங்க இழுக்கறது? அதோட மூச்சுதான் உள்ள வருது."

எண் இன்னும் ஏறியது. அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லை. கூட்டுறவு அலுவலகத்தில் சீனியாரிட்டி பட்டியலில் என்னை ஆறு இடம் கீழே தள்ளியதையும், நான் அதைத் திருத்த வைத்ததையும் தணிந்த குரலில் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது மேல்முறையீட்டில் எண் நூற்றுப்பத்துக்கு இறங்கியது. ஐந்தாவது நினைவூட்டுக் கடிதத்தில் எண்பத்தெட்டு. சிங்கம் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. வண்டி நகர்ந்தது.

நேற்று பேரனுக்குப் பெயர் வைத்த விசேஷத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சிங்கம் கொட்டாவி விட்டது நெசந்தாங்க. ஆனா, எனக்கப்புறம்தான் விட்டுச்சு."