கனாக்கிஸுக்கு ஒரு வேட்டைக் கத்தி

“ஐயோ, இது வேண்டாம்ப்பா! இவ்வளவு கூரு ஆகாது” என்று ரொதாந்தி அவசரமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஆட்டுக்கொம்புப் பிடி போட்ட அந்த வேட்டைக் கத்தியைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

கடைக்கார மனூசோஸ் அவளுடைய சித்தி மகன். கிரீட் தீவில், ஹானியா நகரத்தின் கத்திக் கடைத் தெருவில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். கூராக இருக்கிறது என்று குறை சொல்லிக் கத்தியைத் திருப்பித் தந்த முதல் ஆள் சொந்த அக்காவாகவா இருக்க வேண்டும்?

“இது வேட்டைக் கத்தி, அக்கா! கூர் இல்லாம, ரொட்டியில வெண்ணெய் தடவவா?”

“ஞாயித்துக்கிழமை பந்தியில நூறு ஆம்பளைங்க இருப்பாங்க. நூறு பேர் வயித்துலயும் ராக்கிச் சாராயம் இருக்கும். பரிசைக் குடுத்த கையோட பாடையும் கட்டச் சொல்றியா? மழுங்கலாப் பார்த்து எடு.”

ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்தது சமாதான விருந்து. போன வருஷம் கனாக்கிஸின் பட்டியிலிருந்து பதினெட்டு ஆடுகள் காணாமல் போயின. அவன் யோசிக்கவே இல்லை. நேராக ரொதாந்தியின் கணவன் சிஃபிஸைக் கை காட்டினான். அன்றிலிருந்து இரண்டு வீட்டு ஆண்களும் காபிக் கடைக்குக்கூடத் துப்பாக்கியோடு போய்வந்தார்கள்.

வழக்கப்படி சிஃபிஸை மலை மடத்துக்கு இழுத்துப்போய், புனிதரின் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்ய வைத்தார்கள். அங்கே பொய் சொன்னால் நின்ற இடத்திலேயே வாய் கோணிக்கொள்ளும். “ஒரு ஆட்டு மேலகூட என் கை படல” என்றான் சிஃபிஸ். வாய் கோணவில்லை. புனிதருக்கும் வயதாகிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது.

இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே? வேறு வழியில்லாமல் கனாக்கிஸ் கை குலுக்கச் சம்மதித்தான். பாதிரியார் விருந்துக்கு நாள் குறித்தார். கனாக்கிஸ் பெரிய முயல் வேட்டைக்காரன் என்பதால் சிஃபிஸ் அவனுக்கு வேட்டைக் கத்தி பரிசளிப்பது என்று ஏற்பாடு. துப்பாக்கியே கொடுக்கலாமே என்று ஒரு புத்திசாலி சொன்னானாம். பாதிரியார் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

சிஃபிஸ் இவ்வளவு நேரமும் இருப்பதிலேயே நீளமான கத்தியை இடுப்பில் செருகிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தான். “இதைக் குடு. ரெண்டு வரி பாட்டும் பொறிச்சிடு” என்றான். பாட்டு பொறிக்காத கத்தி எங்கள் ஊரில் வெறும் இரும்பு.

“பாட்டைச் சொல்லுங்க அத்தான்.”

சிஃபிஸ் மீசையை முறுக்கிக்கொண்டு பாடினான். “ஆட்டை எண்ணத் தெரியாத நண்பா, முயலையாவது எண்ணிப் பழகு!”

மனூசோஸ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். ரொதாந்தி கணவனின் இடுப்பிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள்.

“ஏன்யா, உனக்குப் புத்தி இருக்கா? நம்ம ரெண்டு புள்ளைங்களும் அவன் வீட்டு வாசல் வழியாத்தான் மலைக்குப் போகுதுங்க. உன் பாட்டுக்கு அவன் துப்பாக்கியால எதிர்ப்பாட்டு பாடினா யாரு தாங்குறது?”

“நான் திருடலடி! சாமி முன்னாடி சத்தியம் பண்ணியும் ஒரு பய நம்பலையே!” என்ற சிஃபிஸின் குரல் உடைந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பதினெட்டு ஆட்டை விழுங்கியவனுக்கு நடிப்பும் நன்றாகவே வருகிறது என்று மனூசோஸ் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

கடைசியில் ரொதாந்திக்குப் பிடித்த கத்தி ஒன்று கிடைத்தது. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் சுவரில் மாட்டுவதற்காகச் செய்தது. உறையெல்லாம் பூ வேலை. தக்காளி மனது வைத்தால்தான் வெட்டுப்படும். பாட்டுக்குப் பதிலாக ‘நண்பன் கனாக்கிஸுக்கு’ என்று மட்டும் பொறிக்கச் சொன்னாள்.

ஊரில் ரத்தம் சிந்தாமல் இருந்தால் அது இந்த மகராசியால்தான் என்று நினைத்தபோது மனூசோஸுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவளுக்குப் போய் அப்படியொரு புருஷன்!

“நீ போய் வண்டியை எடுய்யா, நான் வந்துடறேன்” என்று ரொதாந்தி கணவனை அனுப்பினாள். அவன் முனகிக்கொண்டே வெளியே போனான். கதவு சாத்தியதும் அவள் மேஜை மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, தோல் உரிக்கிறதுக்கு, கடையிலயே நல்ல கூரான கத்தியா ஒண்ணு எடு. அவரு கண்ணுல படாம கட்டிக் குடு.”

“அது யாருக்குக்கா?”

“எனக்குத்தான். பதினெட்டு ஆட்டை உரிச்சதுல பழசு மழுங்கிப்போச்சு.”