கடைவாயில் ஒரு பிரஷ்

தலையில் அடிபட்டு, செயற்கை சுவாசத்தில் ஆறு நாட்களாகக் கண் திறக்காமல் கிடந்த துரைக்கண்ணுவுக்கு நர்ஸ் ஜெசிந்தா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கைகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்த அவர் மனைவி பூங்காவனம் அருகில் நின்று பார்த்தாள்.

"நெனவில்லாத மனுசனுக்குப் பல்லு வெளக்கி என்னத்துக்கு சிஸ்டர்? பொண்ணு பாக்கவா போறாரு?"

"இங்க வந்து நிமோனியாவும் புடிச்சுக்கிட்டா தாங்க மாட்டாரும்மா."

வாய்வழியே ஒரு குழாய் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அதன் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு எச்சில் மெல்லக் கசியும். பல்லிடுக்குக் கிருமிகளுக்கு அதுவே நுரையீரலுக்குப் போகும் படிக்கட்டு. விழித்திருப்பவர் இருமித் துப்பிவிடுவார், இவரால் முடியாது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருப்பதும், வேளை தவறாமல் இந்தச் சின்ன பிரஷ் வருவதும் அதனால்தான்.

"வீட்டுல பிரஷ்ஷால வெளக்க மாட்டாரு, மெல்லுவாரு. மாசத்துக்கு ரெண்டு வாங்கணும்" என்றாள் பூங்காவனம்.

கடைவாயைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது. மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பிரஷ் வரவில்லை. பற்கள் அதைக் கவ்வியிருந்தன.

இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். இமைகள் அசையவில்லை.

"புடுங்காதீங்க சிஸ்டர்" என்றாள் பூங்காவனம். "கொஞ்ச நேரம் மெல்லட்டும்."