ஒல்லாந்தப் பிரபுவுக்கு ஒரு மெழுகுதிரி

பேசாலையில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கிற காலை. அன்ரோனெற்றின் வீட்டுச் சுவரில், மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் நடுவே, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படமொன்று தொங்குகிறது. பின்னல் கழுத்துப்பட்டி, சுருள்முடி, வாள்பிடியில் ஊன்றிய கை. மூன்று தலைமுறையாக அவருக்கு மெழுகுதிரி எரிகிறது. போன மாதந்தான் பங்குச்சுவாமியார் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இவர் புனிதர் இல்லை, இந்தக் கரையில் நம் கோயில்களைப் பறித்துக் குருமாரைத் துரத்திய டச்சுக்காரன், ஒல்லாந்தப் பிரபு. "கும்பிட்ட படத்தை எப்பிடிக் கழட்டிறது?" என்று அவள் புருசன் எமிலியானுஸ் விட்டுவிட்டான். இப்போது அதே படத்தின் கீழே அவன் முழங்காலில் நிற்கிறான். சிப்பாயின் துவக்குப்பிடி மறுபடியும் அவன் வாயில் இறங்குகிறது. ஒரு பல் சீமெந்துத் தரையில் உருண்டு அவள் காலடிக்கு வருகிறது. இரத்தம் படத்தின் கண்ணாடியில் தெறிக்கிறது. சிப்பாய் நிமிர்ந்து பார்க்கிறான். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு, சட்டைக்கையால் பிரபுவின் முகத்தை மெல்லத் துடைக்கிறான். சிலுவை போட்டுக்கொள்கிறான். இடக்கை மட்டும் எமிலியானுசின் தலைமுடியை விடவில்லை.

"இது எந்தச் சாமி?" நீர்கொழும்புக் கரைச் சிங்களவனின் உடைந்த தமிழ்.

"எங்கட பாதுகாவலர், ஐயா. என்ர மனுசனை விடுங்கோ."

அவன் எமிலியானுசை முடியோடு வாசலுக்கு இழுக்கிறான். படியில் நின்று, வீட்டுப் பிள்ளைபோலத் திரும்பிச் சொல்கிறான்: "அம்மா, எனக்கும் ஒரு திரி கொளுத்துங்கோ."

சிப்பாயின் இந்த வேண்டுதல் மட்டும் அந்தப் பிரபுவுக்குக் கேட்கும் என்று அன்ரோனெற்றுக்குத் தெரிகிறது.