பொம்மை தடுத்த அடி

மூன்றாவது தடவையும் திரையில் இருந்த பயிற்சிப் பொம்மை அடியைத் தடுத்துவிட்டது.

ஆன்றோ வீடியோ கேம் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். ஓர் உதை. பொம்மை சுவரோரம் விழுந்தது. எழும்போது காலுக்கு ஒரு குத்து. உடனே தலைக்கு முழங்கை. முழங்கை பட்டுவிட்டால் மீதி ஏழு அடிகளை யாராலும் தடுக்க முடியாது.

முழங்கையைப் பொம்மை தடுத்தது.

அவனுடைய நண்பன் பக்கத்து நாற்காலியில் இருந்து திரையைப் பார்த்தான். பார்ப்பதுபோல் இருந்தான்.

கால்மணி நேரத்துக்கு முன்னால் இதே திரையில், இதே காம்போவை, இந்த அடித்தொடரைப் போட்டு, ஆன்றோவை அவன் தோற்கடித்திருந்தான். மூன்று சுற்றிலும் அதே சுவரோரம். கேம் சென்டர்க்காரர் வெள்ளைப் பலகையில் மிஞ்சியிருந்த இரண்டு பெயர்களில் ஒன்றை அழித்தார். நாகர்கோவிலில் இருந்து ஒருவர்தான் சென்னைப் போட்டிக்குப் போகலாம்.

ஆன்றோ கோபப்படுவான் என்று அவன் நினைத்திருந்தான். அதற்குத் தயாராகவும் இருந்தான்.

ஆன்றோ அவன் தோளில் கை போட்டான்.

"லேய், இத எங்கல ஒளிச்சு வச்சிருந்த? எனக்கும் சொல்லித் தா மக்கா."

கோபப்பட்டிருந்தால் தேவலை.

*

அந்தக் காம்போவை அவன் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தான். அப்படித்தான் தனக்குச் சொல்லி வைத்திருந்தான்.

வீட்டில், மழை விடாமல் பெய்த ஒரு வாரம். குத்துக்கும் முழங்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனாலும் எதிராளிக்கு அது போதும். தடுப்பைக் கீழிருந்து மேலே மாற்ற, இடது பெருவிரல் ஒருமுறை அசைந்தால் ஆயிற்று. வீட்டுப் பொம்மையும் ஒவ்வொரு முறையும் தடுத்தது. உதவாத காம்போ. விட்டுவிட வேண்டியதுதான்.

விடவில்லை.

பயிற்சிப் பொம்மையை நம் விருப்பத்துக்கு மாற்றி வைக்கலாம். மெதுவாகத் தடுக்கச் சொல்லலாம். நொடியை அறுபதாகப் பிரித்து, ஒவ்வொரு பங்காகத் தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போனான். நான்கில் தடுத்தது. ஆறில் தடுத்தது.

ஒன்பதில் பட்டது.

ஒன்பது பங்கு தாமதமாகும் விரல் யாருக்கு இருக்கும் என்று அவன் யோசிக்கவேயில்லை. நேராகப் பழைய ஆட்டங்களின் பதிவுகளை எடுத்தான். ஆன்றோ விழும் இடங்களில் நிறுத்தி நிறுத்தி எண்ணினான்.

ஒன்பது. ஒன்பது. பத்து. ஒன்பது.

அந்த விரல் முன்பு அப்படி இல்லை.

தக்கலை வளைவில் பைக் சறுக்கியபோது ஓட்டியது அவன். ஒரு கையில் போன் இருந்தது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் இருந்த ஆன்றோவுக்கு இடது மணிக்கட்டு உடைந்து, உள்ளே தகடு. "மாடு குறுக்க வந்துட்டு," என்று வீட்டில் எல்லோரிடமும் ஆன்றோதான் சொன்னான்.

மாடு எதுவும் வரவில்லை.

அதன்பிறகு ஆறு மாதம், இருவரும் ஒரே கன்ட்ரோலரைப் பிடித்து ஆடினார்கள். வலப்பக்கம் ஆன்றோவின் விரல்கள். இடப்பக்கம் அவனுடையவை. தோள் உரசும். நன்றாகவே ஆடினார்கள். ஆன்றோவின் இடது கை எதற்குத் தாமதிக்கும், எப்போது தாமதிக்கும் என்பதெல்லாம் அவன் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மழை விடும்வரை அந்தப் பொம்மையை அடித்தான். ஒவ்வொரு முறையும் அது கையைத் தாமதமாகத் தூக்கியது. கடைசியில் அதன் முகத்தைப் பார்க்காமல் அடிக்கப் பழகியிருந்தான்.

*

கேம் சென்டர்ப் பொம்மையை யாரும் மெதுவாகத் தடுக்கும்படி மாற்றி வைத்ததில்லை.

தடுத்தது.

தடுத்தது.

சொல்லிவிடலாம். இது வேறு யாரிடமும் பலிக்காது. ஒரே வரி. ஆனால் அடுத்து ஆன்றோ என்ன கேட்பான் என்று அவனுக்குத் தெரியும்.

ஆன்றோ கன்ட்ரோலரை மடியில் வைத்தான். இடது கையை இரண்டு முறை உதறினான்.

"எனக்க கை செரியில்ல மக்கா. நேரத்துக்கு அமுக்க வரமாட்டேங்கு."

கன்ட்ரோலரில் குத்தும் முழங்கையும் வலது கை வேலை. இரண்டும் நேரத்துக்குத்தான் விழுந்துகொண்டிருந்தன. அவன் அதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆன்றோ கன்ட்ரோலரை எடுத்து நீட்டினான்.

"நீ ஒருக்கா போடு. நான் பாக்கேன்."

கன்ட்ரோலர் அவன் கைக்கு வந்தது. இடப்பக்கம் ஈரமாக இருந்தது. ஆன்றோவின் வியர்வை.

தப்பாக அமுக்கலாம். வேண்டுமென்றே பிசகிவிட்டு, ஜெயித்த பதற்றம் இன்னும் போகவில்லை என்று சிரிக்கலாம். ஆன்றோ நம்புவான்.

அதுவும் குறுக்கே வராத ஒரு மாடுதான்.

உதை. சுவர். குத்து. முழங்கை.

ஒன்றுகூடப் பிசகவில்லை.

பொம்மை தடுத்தது.

இன்னொரு முறை போட்டான். அதே வேகம், அதே நேரம்.

தடுத்தது.

பின்னால் யாரோ சென்னைக்கு எந்த ரயில் என்று கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

ஆன்றோ திரைப்பக்கம் சாய்ந்தான். கொஞ்ச நேரம் பொம்மையைப் பார்த்தான். பிறகு குனிந்து மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தான். பெருவிரலை மடக்கினான். நீட்டினான். மறுபடி மடக்கினான்.

எண்ணுவதுபோல் இருந்தது.