நசோரோதான் வேணும்

“செரெங்கெட்டி, மூணு நாள். வண்டி ஓட்ட நசோரோதான் வரணும்” என்றாள் அந்தப் பெண்.

அருஷா நகரின் அந்தச் சஃபாரி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த உபெண்டோ சிரித்தாள்.

“அவருக்கு ஏகப்பட்ட கிராக்கிம்மா! வெள்ளைக்காரங்க ஒரு வருஷம் முன்னாடியே சொல்லி வச்சிடறாங்க. வேற ஆள் போடட்டுமா?”

“வேணாம். பத்தொன்பது வருஷம் காத்திருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஆனா என்ன?”

“முன்னாடி அவரோட போயிருக்கீங்களா?”

“ஒரு தடவைகூட இல்ல. விடியக்காலையில டீ போட்டுக் கொடுத்து எழுப்புவாராமே? வண்டிக் கதவைத் திறந்து விடுவாராம். எத்தனை கேள்வி கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்வாராம். அதை நான் கண்ணால பார்க்கணும்.”

“அப்ப சிங்கம்?”

“அது கிடக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்.”

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்த நசோரோ, அவளைக் கண்டதும் முகம் சுளித்தான்.

“இங்க என்னடி பண்றே? வீட்ல யார் சமைக்கிறது?”

அவள் படிவத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?”