ரோஜாவின் கைராசி

இரண்டு பொட்டலங்களும் காளியம்மன் காலடியில் கிடந்தன. ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. எதில் எது என்று கட்டிப்போட்ட பூசாரி சோலைச்சாமிக்கே இப்போது தெரியாது. குலுக்கிப் போட்டிருந்தார்.

வெள்ளை வந்தால் மாரிசாமி திங்கட்கிழமை முதல் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குப் போவான். சிவப்பு வந்தால், இப்போது பார்க்கிற திரி வெட்டும் வேலையே போதும்.

மருந்து அறையில் சம்பளம் அதிகம். அங்கே இருந்த ஆள் போன மாதம் கருகிப் போனதால்தான் இடம் காலி. தீபாவளி சீசன், உடனே ஆள் வேண்டும் என்று கம்பெனியில் நெருக்குகிறார்கள். மாரிசாமிக்குப் போக ஆசை. அவன் மனைவி மாடத்திக்கு அந்த அறையின் பேரைக் கேட்டாலே பயம். இருவரும் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் பாரத்தை அம்மன் தலையில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

பொட்டலத்தை எடுக்க ஒரு நல்ல கை வேண்டும். அதற்குத்தான் ரோஜா.

எட்டு வயது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு சன்னதிப் படியில் நிற்கிறாள். வெம்பக்கோட்டை வட்டாரத்திலேயே அவளைப் போலக் கைராசிக்காரி கிடையாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

அது பொய் என்பது அவளுடைய அம்மா குருவம்மாளுக்கு மட்டும் தெரியும்.

குருவம்மாள் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். உலகக் கோப்பை முடிந்தும் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் அட்டைப் பித்து தெளியவில்லை. வாய் ஒட்டிய பெட்டி சிவகாசியிலிருந்து வரும். உள்ளே நிறையப் பாக்கெட்டுகள். ஒரே ஒரு பாக்கெட்டில் மட்டும் தங்க அட்டை இருக்கும். அதை எடுக்கிறவருக்குக் கடை வாசலில் தொங்கும் பேட் பரிசு.

புதுப் பெட்டி வந்ததும் குருவம்மாள் அதை அடுப்படிக்குக் கொண்டு போவாள். இட்லிச் சட்டி ஆவியில் காட்டினால் லேபிள் வலிக்காமல் உரிந்துவிடும். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, தங்கப் பாக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டு பழையபடி ஒட்டுவாள். விற்பனைக்கு வரும்போது பிள்ளைகள் கண் முன்னால்தான் பெட்டியைப் பிரிப்பாள். அந்த நாணயத்தில் அவள் குறை வைத்ததே இல்லை.

பெட்டி தீரப் போகும் நேரத்தில், மிச்சப் பாக்கெட்டுகளோடு தங்கத்தையும் கலந்து, மகளைக் கூப்பிடுவாள். சரியான பாக்கெட்டை அவள் கைப் பக்கமாக நைசாக நகர்த்தி வைப்பாள். ரோஜா எடுப்பாள். தங்கம்! பேட் மறுபடி அதே ஆணியில் ஏறிவிடும்.

ஒருநாள் பையன்கள் முணுமுணுத்தார்கள், கடைக்காரி பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறாள் என்று. குருவம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினாள்.

"ஏலே, பெட்டியப் பிரிச்சா நான் யாவாரம் பண்ணுதேன்? அது எம் பிள்ளை கைராசிலே!"

வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தாள். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. காய்கறிக்காரி முதல் போணிக்கு ரோஜாவைத் தேடினாள். குலுக்குச் சீட்டுக்கு ரோஜாதான் கை போட வேண்டும் என்றார்கள். குருவம்மாளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

இன்றைக்கு அந்தப் பெருமை அவளையே உறுத்தியது. ஒருவனுடைய உசுர் விஷயம். இது ராசி இல்லை, என் திருட்டுத்தனம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் பேட்டுக்கு ஏமாந்த பிள்ளைகளின் தாய்மார் பாதிப் பேர் கோவிலுக்குள் நிற்கிறார்கள். நாளைக்கு எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

பிறகு அவளுக்கு ஒரு சமாதானம் அகப்பட்டது. ராசி பொய்யாகவே இருக்கட்டும். மூடின பொட்டலம், ஒன்றும் அறியாத பிள்ளை. எடுத்துக் கொடுப்பது அம்மன். இதில் என் பாவம் எங்கே வருகிறது?

ரோஜா குனிந்தாள். ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். மறுபடியும் முதலாவதற்கு வந்தாள்.

"அம்மன்ட்ட கேக்குறா பாரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

எடுத்துப் பூசாரியிடம் நீட்டினாள்.

வெள்ளை. நந்தியாவட்டை ஒரு கொத்தே இருந்தது. பூசாரி வழக்கப்படி மற்றதையும் பிரித்துக் காட்டினார். அன்றைக்குச் சிவப்பு அரிதாகக் கிடைத்திருக்க வேண்டும், ஒற்றை அரளி சுருண்டு கிடந்தது.

மாரிசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மாடத்தி ரோஜாவின் விரல்களைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாள் அவள் முகத்தில் இருந்த கலக்கம் போன இடம் தெரியவில்லை.

"அம்மனே சொல்லிட்டா. அவுக தைரியமாப் போகட்டும், இனி எனக்குப் பயமில்ல மதினி."

குருவம்மாள் தலையை ஆட்டினாள். ரோஜா ஓடி வந்து அவள் கழுத்தை வளைத்து, காதோடு வாயை வைத்தாள்.

"கனமா இருந்ததத்தாம்மா எடுத்தேன். நீ தங்க அட்டை தேடுவீல்ல, அதே மாதிரி. சரிதானே?"

குருவம்மாள் வெள்ளைப் பூக் கொத்தையும் அந்த ஒற்றை அரளியையும் மாறி மாறிப் பார்த்தாள். மாரிசாமி எழுந்து நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாடத்தி சிரித்த முகமாகத் திரும்பினாள்.

"பிள்ளை என்ன சொல்லுதா மதினி?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். குருவம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல மாடத்தி" என்றாள். "பசிக்குதாம்."