புலிக்குட்டியின் பெரிய மனசு

காலையிலேயே வீட்டில் அவளுக்கு அர்ச்சனை. நீலச் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி சுட்டுவிட்டது. "ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுமா உனக்கு?" என்று கணவர் குதித்த குதியில், அவள் கேட்ட மன்னிப்பு அவர் காதில் ஏறவே இல்லை. அந்தக் கோபத்தில் ஆபீஸுக்கும் லீவு போட்டுவிட்டார்.

ஆன்லைன் விளையாட்டு ஒன்றின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. எந்த விளையாட்டு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் புகார் 'புலிக்குட்டி' என்ற ஆட்டக்காரருடையது. ஏதோ கோளாறில், மாதக்கணக்கில் கட்டிய கோட்டை மொத்தமும் மாயமாகியிருந்தது.

"பரவாயில்லைங்க. நீங்களும் மனுஷங்கதானே, தப்பு நடக்கத்தான் செய்யும். மெதுவா சரி பண்ணுங்க" என்று எழுதியிருந்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதர்!

"நாம இவ்வளவு சொதப்பியும் இவங்க எப்படிடி திட்டாம இருக்காங்க?" என்றாள் பக்கத்து சீட்டுத் தோழி.

"பிடிச்சுப்போச்சுன்னா எதையும் பொறுத்துக்கத் தோணும்டி."

கோட்டையை மீட்டுத்தர, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். உடனே வந்தது. திரையில் வெறும் பொட்டல். திரைக்குப் பின்னால், கதவுக் கொக்கியில் ஒரு நீலச் சட்டை. அதன் முதுகில் இஸ்திரிப்பெட்டி அளவுக்குப் பழுப்புத் தழும்பு.

தோழி எட்டிப் பார்த்தாள். "கோட்டையே போயிருக்கு, ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலியே! நீ சொன்னது சரிதான்டி."

"ஆமா," என்றாள் அவள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிடிச்சிருந்தாத்தானே?"